பல் பிள்ளையுடையது, முடிவு யாருடையது?



"விழப்போகிற பல்தானே டாக்டர், பிடுங்கி எறிந்துவிடுங்கள்!" பல் மருத்துவமனை ஒன்றில் சிறிது நேரம் அமர்ந்திருந்தால் இச்சொல் நம் காதில் விழாமற் போகாது. இதற்கு நேர்மாறான சொல்லும் அதே இடத்தில் ஒலிக்கும்: "எங்களுக்கு என்ன தெரியும்? எது நல்லதோ அதை நீங்களே பார்த்துச் செய்துவிடுங்கள்." முதலாமவர் தீர்ப்பைக் கையோடு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டாமவர் தீர்ப்பை முழுவதுமாக மருத்துவரின் தலையில் இறக்கி வைத்துவிடுகிறார். இருவரும் பிள்ளையின் நலத்தை நாடியே அவ்வாறு சொல்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்விரண்டுக்கும் நடுவே நடைபெற வேண்டிய ஓர் உரையாடல் நடைபெறாமலே போய்விடுகின்றது. இத்திங்கள் அவ்வுரையாடலைப் பற்றி உங்களோடு பேச விழைகின்றேன்.

நான் மருத்துவம் பயின்றவனல்லன். கலைப்பட்டம் பெற்று மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன். எனினும் நாள்தோறும் சிறார்களின் வாயை நேருக்கு நேர் பார்த்து அமர்ந்திருக்கும் பணி என்னுடையது. மூன்று புள்ளியிட்ட 'ஸா', 'தால்', 'ளா' ஆகிய எழுத்துகள் நாவின் நுனி மேல்வரிசை முன்பற்களின் விளிம்பைத் தொடுவதால் பிறப்பவை. 'ஃபா'வோ அதே பற்களின் விளிம்பு கீழுதட்டைத் தொடுவதால் பிறப்பது. ஆறேழு வயதில் இயல்பாக விழுந்து முளைக்கும் பல்லைப் பற்றி நான் கூறவில்லை. அது சில மாதச் செய்தி. மூன்று வயதிலேயே முன்பற்கள் கரைந்து வேர் மட்டும் எஞ்சிய பிள்ளை இவ்வெழுத்துகளோடு படும்பாட்டை ஓதிக்கொடுப்போர் அறிவர். கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு வந்து அமரும் பிள்ளைக்கு அன்றைய பாடம் ஏறாது என்பதையும் அறிவர்.

பாற்பற்கள் 20. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முளைக்கத் தொடங்கி மூன்று வயதுக்குள் நிறைவு பெறுகின்றன. முன்பற்கள் ஆறேழு வயதில் விழுவதைக் கண்டு, எல்லாப் பாற்பற்களும் அவ்வாறே என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பின்னால் உள்ள பாற்கடைவாய்ப் பற்களோ பத்து, பன்னிரண்டு வயதுவரை உழைக்க வேண்டியவை. அவற்றுள் ஒன்றை ஐந்து வயதில் பிடுங்கிவிட்டால் அவ்விடம் ஐந்தாறு ஆண்டுகள் வெற்றிடமாகும். அண்டைப் பற்கள் சாய்ந்து அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். கீழிருந்து வரவேண்டிய நிலைப்பல் வழியின்றிக் கோணலாக முளைக்கும். இன்னொரு செய்தி இதனினும் முக்கியமானது. ஏறத்தாழ ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால்வரிசைக்குப் பின்னால் ஒரு நிலையான கடைவாய்ப்பல் ஓசையின்றி முளைக்கின்றது. அதையும் பாற்பல் என்று கருதிப் "பிடுங்கிவிடுங்கள்" என்போர் உண்டு. அது போனால் மறுபடி முளைக்காது. மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை குன்றும் என்ற அச்சத்தால், எடுத்தே தீரவேண்டிய சீழ்ப்பல்லை வைத்துக்கொண்டு துன்புறுவோரும் உண்டு. பல்லுக்கும் பார்வைக்கும் அத்தகைய தொடர்பு ஏதுமில்லை.

இனி உரையாடலுக்கு வருவோம். பிள்ளையின் பல்லுக்கு இதுதான் வைத்தியம் என்று ஒரே ஒரு விடை இருக்குமானால் கலந்து பேச என்ன இருக்கின்றது? மருத்துவர் சொல்வார், நாம் கேட்போம். உண்மையில் பெரும்பாலான வேளைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட நேர்வழிகள் இருக்கின்றன.

ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். கீழ்வரிசைப் பாற்கடைவாய்ப் பல்லில் குழி விழுந்திருக்கிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை. எக்ஸ்ரே படத்தில் சொத்தை நரம்பை எட்டவில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டு, சொத்தையைக் குடைந்தெடுத்து அடைப்பது ஒரு வழி. நாம் அறிந்த பழைய வழியும் அதுவே. மற்றொன்று, குடையாமலும் ஊசி போடாமலும் பல்லின்மேல் உலோகக் கேப் ஒன்றைச் சிமெண்டோடு வைத்து அழுத்தி மூடிவிடுவது. உள்ளே அடைபட்ட சொத்தை உணவின்றி அடங்கிவிடுகிறது. நார்னா ஹால் என்ற ஸ்காட்லாந்துப் பெண் மருத்துவர் தம் சிறு மருத்துவமனையில் பல்லாண்டுகள் இவ்வாறு செய்துவந்தார். 2006 இல் அவருடைய பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் அதன் பயனைக் கண்டு எழுதினர். இன்று அவர் பெயராலேயே அம்முறை வழங்குகின்றது. கேப் வைத்த சில நாள்களுக்குக் கடிக்கும்போது பல் உயரமாகத் தோன்றும், பின்னர்ச் சமன்படும். பல் வெள்ளி நிறத்தில் தெரியும்.

மூன்றாவது வழி ஒரு மருந்து. வெள்ளியும் ஃப்ளோரைடும் கலந்த நீர்மத்தைச் சொத்தையின்மேல் துளியளவு தடவுகிறார்கள். சொத்தை பல வேளைகளில் அத்துடன் நின்றுவிடுகிறது. வலி இல்லை, ஊசி இல்லை, செலவும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் தடவிய இடம் கன்னங்கரேலென்று கறுத்துவிடும், அக்கறை போகாது. கடைவாய்ப் பல்லில் கறுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு தாய் மகிழ்ந்து ஒப்புக்கொள்வார். முன்பல்லில் என்றால் அதே தாய், "பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்வார்களே" என்று தயங்குவார். அந்தத் தயக்கம் அறியாமையன்று. அதனை எடைபோட வேண்டியவர் அவரே. மருத்துவப் புத்தகத்தில் அதற்கு விடை எழுதப்பட்டிருக்காது.

பிரிட்டனில் மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட, சொத்தைப்பல் உடைய 1,144 குழந்தைகளை மூன்று பிரிவாக்கிச் சுமார் மூன்றாண்டுகள் கண்காணித்தனர். ஒரு பிரிவினருக்குப் பழைய முறைப்படி குடைந்து அடைத்தனர். இரண்டாம் பிரிவினருக்குச் சொத்தையை உள்ளே வைத்து மூடினர். மூன்றாம் பிரிவினருக்குப் பல் துலக்குதல், உணவு, ஃப்ளோரைடு ஆகிய தற்காப்பை மட்டும் மேற்கொண்டனர். 2020 இல் முடிவு வெளியாயிற்று. வலியோ சீழோ கண்டவர்கள் முறையே நூற்றுக்கு 42, 40, 45 பேர். இவ்வழிதான் சிறந்தது என்று அறுதியிட்டுக் கூறும் அளவுக்கு அம்மூன்றிடையே வேறுபாடு இல்லை. எந்த வழியில் சென்றாலும் பத்தில் நால்வர் துன்புற்றனர் என்பது வேறு கதை. சொத்தை வருமுன் காப்பதன் அருமையை அது காட்டுகிறது. நாம் இங்கே கவனிக்க வேண்டியது, கற்றறிந்த மருத்துவர்களுக்கே மூன்று வழிகளும் ஏறத்தாழச் சமமாகத் தோன்றும்போது தராசு எப்பக்கம் சாயவேண்டும் என்பதை எது தீர்மானிப்பது என்பதே. அப்பிள்ளை எத்தகையது, அவ்வீடு எத்தகையது, எத்தனை தடவை வந்துபோக இயலும், கையில் என்ன இருக்கிறது என்பவைதாம் தீர்மானிக்கும். இவற்றையெல்லாம் அறிந்தவர்கள் நீங்கள்.

வீட்டார் வாய் திறவாவிடில் மருத்துவருக்கு எட்டாத செய்திகள் எத்தனை! இனிப்புத் தின்னும்போது சுரீரென்று வலித்து உடனே நின்றுவிடுகிறதா? அல்லது ஏதும் தின்னாமலே நள்ளிரவில் பிள்ளை அழுது விழிக்கிறதா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பின்னது நரம்பு கெட்டுவிட்டதற்கு அறிகுறியாகலாம். அப்போது மேலே சொன்ன எளிய வழிகள் அடைபட்டு, நரம்புப் பகுதியை அகற்றி மருந்து வைத்துக் கேப் போடுவதா, பல்லை எடுத்துவிட்டு அவ்விடம் சுருங்காதிருக்கக் கம்பி வைப்பதா என்று வேறு இரு வழிகள் எழுகின்றன. அந்நள்ளிரவு அழுகையைக் கேட்டவர் தாய். மருத்துவமனைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்பவர் பெரும்பாலும் சித்தப்பாவோ மாமாவோ! "வலிக்குதாம்" என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவரிடம் செய்தி கிடையாது.

நம் வீட்டுப் பையன்களைப் பொறுத்து ஒரு செய்தியைத் தனியே குறிப்பிட வேண்டும். கத்னாவின்போது இரத்தம் நிற்க வழக்கத்தைவிட நெடுநேரம் ஆயிற்றா? ஆம் எனில், பல் பிடுங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இரத்தம் எளிதில் உறையாத நோய் சிலருக்கு அந்நிகழ்ச்சியில்தான் முதன்முதலாக வெளிப்படுகின்றது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, இழுப்பு நோய், ஏதேனும் மருந்து ஒவ்வாமை ஆகியவற்றையும் கேளாமலே சொல்லுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளையாயின் அதையும் சொல்லுங்கள். அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி என்பதால், பல்லின் கறைக்குக் காரணம் வேறாயிருக்கலாம். ஃப்ளோரைடு மருந்து கொடுக்கும் அளவையும் மருத்துவர் எண்ணிப் பார்ப்பார். கேப்சூல் உறையின் ஜெலட்டின் பற்றி மனத்தில் உறுத்தல் இருப்பின் மருந்துச் சீட்டு எழுதும்போதே கேட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குத் திரவ மருந்து எழுதலாம். வீட்டுக்கு வந்து மருந்தைப் புட்டியோடு ஒதுக்கி வைப்பதைவிட அது மேல்.

முடிவெடுக்கும் 'குடும்பம்' என்பது யார் என்ற கேள்வியும் நம்மிடையே எளிதானதன்று. வாப்பா சவூதியிலோ துபாயிலோ இருக்கிறார். உம்மாவும் உம்மம்மாவும் பிள்ளையை அழைத்து வருகின்றனர். மருத்துவர் இரு வழிகளை விளக்குகிறார். "அவங்ககிட்ட கேட்டுட்டு வர்றோம்" என்று எழுந்து செல்கின்றனர். இரவு கைப்பேசியில் செய்தி செல்கிறது. போகும் வழியிலேயே அது பாதியாகக் குறைகிறது. அவர் அங்கிருந்து, "பால் பல்லுக்கா இத்தனை செலவு? எடுத்துவிடச் சொல்" என்கிறார். உம்மம்மாவோ, "பச்சைப் பிள்ளைக்கு ஊசியா, வேண்டவே வேண்டாம்" என்கிறார். இரண்டு மாதம் கழிகின்றது. பின்னர் கன்னம் வீங்கி ஓடிவரும்போது முதலில் இருந்த இரு வழிகளில் ஒன்றும் எஞ்சியிருப்பதில்லை. அப்போதும் குற்றம் தாயின்மேல்தான் விழுகின்றது.

தந்தையைக் கேட்பது தவறென்று நான் கூறவில்லை. கேட்கும் முறையைத்தான் மாற்றவேண்டும். எக்ஸ்ரே படத்தையும், மருத்துவர் சொன்ன வழிகளை எழுதிய தாளையும் படமெடுத்து அவருக்கு அனுப்பலாம். இயலுமாயின் மருத்துவர் முன்னிலையிலேயே அவரையும் தொலைபேசியில் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு நிமிடம் ஒதுக்க மறுக்கும் மருத்துவர் சிலரே. அயலகத்திலிருக்கும் சகோதரர்களுக்கும் ஒன்று சொல்வேன். பிள்ளையோடு இரவில் விழித்திருந்தவரின் சொல்லுக்கு உங்கள் சொல்லைவிடக் கூடுதல் எடை கொடுங்கள். "நீ அங்கே இருந்து பார்த்தவள், உனக்கு எது சரியாகப் படுகிறது?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி வாய்விட்டுப் பேச நம்மவர்கள் வெட்கப்படுகிறார்கள். "யோசித்துச் சொல்கிறோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாராமலிருப்பார்கள். மருத்துவரோ இவர்களுக்குச் சிகிச்சையில் நம்பிக்கையில்லை என்று எண்ணிக்கொள்வார். இவ்வளவுதான் இயலும் என்று சொன்னால் எதை இப்போது செய்யலாம், எதைத் தள்ளிவைக்கலாம் என்று அவரால் வகுத்துத் தர முடியும். 1953 இல் தொடங்கப்பெற்ற சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் குழந்தைகளுக்கெனவே தனிப்பிரிவு இருக்கின்றது என்பதும் பலருக்குத் தெரியாது. ஐந்தாண்டுப் பல் மருத்துவப் படிப்புக்குப் பின் குழந்தைப் பல் மருத்துவத்தில் மேலும் மூன்றாண்டு பயின்றோர் நம் மாவட்டத் தலைநகரங்களிலும் இருக்கிறார்கள்.

மூன்று வயதுக் குழந்தைக்குப் பத்துப் பற்கள் சொத்தையாகியிருந்தால் கேள்வி இன்னும் கடினமாகின்றது. இரவு முழுவதும் வாயில் பால்புட்டியோடு உறங்கும் குழந்தைகளிடம் இது காணப்படுவது. பலமுறை அழைத்து வந்து ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பதா, மயக்க மருந்து நிபுணர் உள்ள மருத்துவமனையில் ஒரே தடவை உறங்கவைத்து எல்லாவற்றையும் முடிப்பதா? மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்திற்கு மேலோ, மீண்டும் மீண்டுமோ மயக்கம் கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016 இல் எச்சரித்தது. ஒரு மணி நேரத்திற்குள் ஒரேயொரு முறை மயக்கம் பெற்ற கைக்குழந்தைகளிடம் ஐந்து வயதில் வேறுபாடு காணப்படவில்லை என்று 2019 இல் வெளியான பன்னாட்டு ஆய்வு கூறியது. ஆகவே எவ்வளவு நேரம் ஆகும், யார் மயக்கம் கொடுப்பார், தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். மயக்கமின்றிச் செய்வதானால் குழந்தை திமிறும்போது கைகால்களைப் பிடித்துக்கொள்வார்களா, எவ்வளவு நேரம் பிடிப்பார்கள் என்பதையும் முன்னரே கேளுங்கள். அதற்கு உங்கள் இசைவு வேண்டும். உங்கள் மனம் ஒப்பவில்லையானால் அன்றைய தினம் நிறுத்திக்கொள்ளச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

இவ்வாறு கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது. 2008 ஆம் ஆண்டு சமீரா கோலி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், மாற்று வழிகள், குறிப்பிடத்தக்க ஆபத்துகள், மறுத்தால் வரும் விளைவு ஆகியவற்றை எடுத்துரைத்த பின் பெறும் இசைவே இசைவாகும் என்று தீர்ப்பளித்தது. அது பல் சிகிச்சை பற்றிய வழக்கன்று. ஆயினும் அந்நெறி எல்லா மருத்துவர்க்கும் பொது. மாலை வேளையில் பதினைந்து பேர் காத்திருக்கும்போது இவையனைத்தையும் விளக்க அவருக்கு நேரம் இராது என்பதும் மெய்யே. அவசரமில்லாத பல்லாயின், "பேசுவதற்கென்று ஒரு நேரம் கொடுங்கள்" என்று கேட்டு, கூட்டம் குறைந்த காலை வேளையில் செல்லுங்கள்.

பிள்ளைக்கு இதில் பங்கு உண்டா? உண்டு. குழந்தை தன் கருத்தைச் சொல்லவும் அது வயதுக்கேற்பச் செவிமடுக்கப்படவும் உரிமை உண்டு என்று 1989 ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை கூறுகிறது. இந்தியா 1992 இல் அதனை ஏற்றது. ஆனால், "பல்லைச் சரிசெய்யலாமா, வேண்டாமா?" என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் கேட்பது நம் சுமையை அதன் தோளில் ஏற்றுவதாகும். இன்று எந்தப் பக்கத்துப் பல், உம்மாவின் மடியிலா நாற்காலியிலா, வலித்தால் இடக்கையை உயர்த்துவதா என்பவற்றைப் பிள்ளை தேர்ந்துகொள்ளட்டும். கையை உயர்த்தினால் மருத்துவர் நிறுத்தியே ஆகவேண்டும். இல்லையேல் அந்த ஏற்பாடே வீண். முதலில் சொல்லி, பின் கருவியைக் காட்டி, அதன்பின் செய்யும் முறையைக் குழந்தைப் பல் மருத்துவர்கள் 1959 முதலே எழுதியும் கற்பித்தும் வருகின்றனர்.

பொய் சொல்லி அழைத்துச் செல்லாதீர்கள். நம் பையன்கள் பலர் ஏற்கெனவே ஒருமுறை ஏமாற்றப்பட்டவர்கள். "ஒன்றும் செய்ய மாட்டார்கள், சும்மா பார்ப்பார்கள்" என்று சொல்லிப் புத்தாடை உடுத்திக் கத்னாவுக்கு உட்கார வைத்ததை அவர்கள் மறப்பதில்லை. அதே சொற்களைப் பல் மருத்துவமனை வாசலில் சொன்னால் வாயைத் திறப்பார்களா? "ஊசி போடக்கூடும், எறும்பு கடித்தது போலிருக்கும், பிறகு உதடு மரத்துவிடும்" என்று உண்மையைச் சிறிய சொற்களில் சொல்லுங்கள். குறும்பு செய்யும் பிள்ளையிடம், "டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டும் வழக்கத்தையும் பெரியவர்கள் விட்டுவிட வேண்டும்.

கலந்து பேசக் காலம் இல்லாத நேரங்களும் உண்டு. பல்வலியோடு காய்ச்சலும், கண்ணை நோக்கியோ தாடைக்குக் கீழோ பரவும் வீக்கமும், விழுங்க இயலாமையும் கண்டால் அயலகத்துக்குப் பேசிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை பல்லின் உள்ளிருக்கும் கேட்டை நீக்காது. விளையாட்டில் விழுந்து நிலையான முன்பல் முழுமையாக வெளியே வந்துவிட்டால், வேரைத் தொடாமல் எடுத்து, அழுக்கிருந்தால் ஒருகணம் கழுவி, அந்தக் குழியிலேயே பொருத்துங்கள். இயலாவிடில் பாலில் இட்டு அரைமணிக்குள் மருத்துவரிடம் சேருங்கள். விழுந்தது பாற்பல்லாயின் திரும்பப் பொருத்தக்கூடாது. கீழே காத்திருக்கும் நிலைப்பல்லுக்கு அது ஊறு செய்யும்.

எடுத்த முடிவு கல்லில் பொறித்ததன்று. கறுக்கும் மருந்தைத் தடவிய பின்னும் சொத்தை வளர்ந்தால் கேப் போடலாம். மூடி வைத்த பல் சீழ் பிடித்தால் எடுக்கலாம். தற்காப்பை மட்டும் தேர்ந்தவர்களோ, இரவில் பிள்ளைக்குப் பல் துலக்கிவிடுவது யார் என்பதையும் அப்போதே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அரிசி மணியளவு, ஆறு வயதுவரை பட்டாணியளவு ஃப்ளோரைடு பற்பசை போதும். மிஸ்வாக் செய்யப் பழகும் பிள்ளைக்கும் இது வேண்டும். கைக்குழந்தையோடு தனியே இருக்கும் தாய் அதைச் செய்ய இயலாதென்றால் மருத்துவரிடம் அவ்வாறே சொல்லிவிடட்டும். அவர் வேறு வழியை நாடுவார். எந்தப் பல்லுக்கு எந்த நாளில் என்ன செய்யப்பட்டது, மாற்றாக என்ன சொல்லப்பட்டது, மறுபடி எப்போது வரவேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கி, எக்ஸ்ரே படத்தோடு பிள்ளையின் தடுப்பூசி அட்டை இருக்கும் உறையிலேயே வைத்துவிடுங்கள். ஊர் மாறினாலும், வேறு மருத்துவரிடம் செல்ல நேர்ந்தாலும், அழைத்துச் செல்பவர் சித்தப்பாவாகவே இருந்தாலும் அந்த உறையைக் கையில் கொடுத்தனுப்பலாம்.